எடைக்கு உட்கார்ந்தவர்கள்

என் மனைவி அம்பிகாவிடம் ஒரு ஜீப் இருக்கிறது. எங்களிடம் இருக்கிறது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படிச் சொன்னால் ஊரே சிரிக்கும். அரும்பாவூரில் யாரைக் கேட்டாலும் 'அம்பிகா வண்டி' என்பார்கள். என்னைக் காட்டி இவர் யார் என்று கேட்டால் 'அம்பிகா வூட்டுக்காரர்' என்பார்கள். காசிநாதன் என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் கடைக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

அரியலூர் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஓடி ஓய்ந்த வண்டி அது. எங்கள் வெங்காயக் காட்டுக்கு உதவும், பவர் டில்லர் வாங்கலாம் என்று நான் சொன்னேன். அவள் ஜீப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வாங்கிவந்த அன்றைக்கே மூலைமுடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினாள். ஆனாலும் பெரிய பள்ளத்தில் விழுந்தால் இன்றைக்கும் எங்கிருந்தோ வெள்ளைத்தூள் கொட்டும். யார் தலையில் கொட்டும் என்று கேட்காதீர்கள்.

அவள் பிறந்தது பாடாலூரில். வீட்டு வாசலுக்கு எதிரே லாரிகள் நிற்கும் இடம். பல்லாங்குழி ஆடவேண்டிய வயதில் நட்டையும் போல்ட்டையும் வைத்து விளையாடியிருக்கிறாள். அதனால் இங்கே மலை அடிவாரத்துக்கு வாக்கப்பட்டு வந்ததும் அவள் கண்ணில் முதலில் பட்டது மலைப்பாதைதான். பச்சைமலைக்கு மேலே பலாமேடு என்று ஒரு சின்ன ஊர். பஸ் பாதி மலையோடு திரும்பிவிடும். அதற்கு மேல் கல்லும் பள்ளமுமாக ஒரு தடம்தான். சந்தை நாளில் அந்த ஊர்க்காரர்களைப் புளி, மரவள்ளி மூட்டைகளோடு கீழே இறக்குவதும், அரிசி பருப்போடு மேலே ஏற்றுவதும் அம்பிகாவின் வேலை. அந்தத் தடத்தில் ஜீப் ஓட்டுகிற ஒரே பொம்பளை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எனக்கு நிறையவே உண்டு. வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முன்சீட்டு எப்போதும் சுந்தராம்பாளுக்கு. பலாமேட்டில் அந்த அம்மாள் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூடிக்கொள்வார்கள். மலையில் ஒரு பெரிய வளைவு வரும். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சாமியைக் கூப்பிடும் அந்த இடத்தில்தான் சுந்தராம்பாள் மடியிலிருந்து வெற்றிலையை எடுப்பார். நிதானமாகக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போடுவதற்குள் வளைவு முடிந்துவிடும். அதைப் பார்த்தால் அம்பிகாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். வேறு யார் பாராட்டினாலும் அவள் காதில் ஏறாது.

போன ஐப்பசி மழைக்கு முன்னால் வண்டியின் அடியில் 'டொக் டொக்' என்று சத்தம் வர ஆரம்பித்தது. சக்கரத்துக்கு மேலே வளைந்த இரும்புப் பட்டை இருக்கிறதே, அதன் இரண்டு முனையிலும் ரப்பர் புஷ் இருக்கும். இரும்பும் இரும்பும் முட்டிக்கொள்ளாமல் நடுவில் இருந்து அடி வாங்குவது அதன் வேலை. எங்கள் வீட்டில் அம்பிகாவுக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் நான் இருப்பது போல. அந்த ரப்பர் தேய்ந்துவிட்டது.

"பட்டறையில விட்டா ஒரு வாரம் போட்டு வச்சுருவான். நானே மாத்திருவேன்" என்றாள்.

போனில் வீடியோ பார்த்தாள். அதில் பேசியவன் சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்தது, மீதியை அவளே சொல்லிக்கொண்டாள். வாசலில் வண்டியைத் தூக்கி, சட்டத்துக்கு அடியில் கருங்கல்லை முட்டுக் கொடுத்தாள். துருப்பிடித்த போல்ட்டை டீசலில் ஊறவைத்துத் தட்டி எடுத்தாள். பழைய புஷ்ஷை ரம்பப் பிளேடால் அறுத்து உருவினாள். புதியது வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று நான் விளக்கெண்ணெய்யைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஐயய்ய! ரப்பருக்கு எண்ணெய் ஆகாதுங்க, ஊதிரும். சோப்புத் தண்ணி கொண்டாங்க" என்று விரட்டினாள்.

ஒரு நீள போல்ட்டில் குழாய்த் துண்டும் தடித்த வாஷரும் கோத்தாள்; முடுக்க முடுக்க புஷ் தானாக உள்ளே ஏறியது. பார்க்கவே அழகாக இருந்தது. கடைசியில் சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி எல்லா நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கினாள். மலை ஏறும் வண்டிக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலை அரைகுறையாக இருக்கும்போது சக்கரம் தரையைத் தொடக்கூடாது. முழுசாக முடித்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, அதன்மேல்தான் வண்டியை இறக்கவேண்டும். அவளும் அப்படித்தான் இறக்கினாள். பழங்கள் நசுங்கின, நான் சூடம் காட்டினேன். சத்தம் போன இடம் தெரியவில்லை.

தை பிறப்பதற்குள் சத்தம் திரும்பி வந்துவிட்டது. புது ரப்பர், அதற்குள் என்ன ஆகியிருக்கும் என்று அவள் அசட்டையாக இருந்தாள். ஒரு சந்தை நாளில் அந்தப் பெரிய வளைவில், ஆளும் மூட்டையுமாகத் திரும்பும்போது வண்டியின் முன்பக்கம் தானாகப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. அம்பிகா ஸ்டியரிங்கை ஒடித்து நிறுத்திவிட்டாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சுந்தராம்பாளின் சுண்ணாம்பு டப்பா கைநழுவி, பள்ளத்தில் உருண்டு போய்விட்டது.

அந்த அம்மாள் இறங்கினார். மூட்டையைத் தலையில் வைத்தார். "இனிமே இந்த வண்டியில கால வச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு மேட்டில் நடக்க ஆரம்பித்தார். அவர் நடந்தால் மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்களா? எல்லோரும் இறங்கி நடந்தார்கள். அடுத்த சந்தையிலிருந்து பலாமேடு மொத்தமும் அரங்கநாதனின் பிக்கப்புக்கு மாறியது. அரங்கநாதன் நல்ல மனிதர்தான். ஆனால் அவர் எங்கள் தெரு வழியாக ஹாரன் அடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்பிகா சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, புஷ் விற்ற கடைக்காரர் சரத்குமாரிடம் போய் சண்டைக்கு நின்றேன்.

"டூப்ளிகேட்ட குடுத்து ஏமாத்திட்டீங்களா?"

"அண்ணே, இதே சரக்குதான் ஊரெல்லாம் போயிருக்கு. ஒருத்தரும் திரும்பி வரல. வூட்டம்மா எப்படி மாட்டுனாங்கன்னு அவங்கள கேளுங்க" என்றார்.

கொதித்துக்கொண்டு வீடு வந்து அதை அப்படியே சொன்னேன். அவள் எனக்கு மேல் கொதித்தாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாள். பிறகு புஷ்களைக் கழற்றினாள். எல்லாம் ஒரே பக்கமாக, துணியை முறுக்கிப் பிழிந்தது போலக் கிழிந்திருந்தன. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் புதிய புஷ்களை மாட்டி, நட்டைக் கையால் மட்டும் திருகி, வண்டியைத் தரையில் இறக்கினாள். எலுமிச்சம்பழம் இல்லை, வேலையும் முடியவில்லை. எனக்குப் பகீர் என்றது.

"என்னடி இது, அரைகுறையா இறக்கிட்ட?"

"இருங்க" என்று சாக்பீஸோடு அடியில் படுத்தாள். பட்டையின் முனைக்கும் அதைப் பிடித்திருக்கும் இரும்புக்கும் குறுக்கே ஒரே கோடு போட்டாள். நான் உள்ளே கிடந்த துண்டை எடுக்க வண்டியில் ஏறினேன்.

"ஏங்க, எறங்குங்க!"

இறங்கினேன்.

"ஏறுங்க!"

ஏறினேன். இறங்கச் சொன்னாள், மறுபடி ஏறச் சொன்னாள். "நான் என்ன எடைக்கல்லா?" என்று கத்தினேன்.

"ஆமாங்க, எடைக்கல்லேதான்! நீங்க ஏறுனா கோடு வெலகுது, எறங்குனா சேருது. வந்து பாருங்க!"

குனிந்து பார்த்தேன். ஒரே கோடாக இருந்தது இரண்டாக விலகியிருந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. "நான் வண்டியத் தொங்கவிட்டு முடுக்கிட்டேங்க. அந்த நிலையிலயே ரப்பர் இறுகிருச்சு. தரையில எறக்கி ஆள ஏத்துனதும் இரும்பு திரும்புது, ரப்பரு திரும்ப வழியில்லாம முறுக்கிக்குது. எத்தன நாளு தாங்கும் அது? முழு பாரத்தோட தரையில நிக்கிறப்பதான் முடுக்கணும்."

"அப்ப எலுமிச்சம்பழம்?"

"கெளம்புறப்ப வச்சுக்கலாம். சாமிக்கு என்ன அவசரம்?"

பழைய அம்பிகா திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. பாரத்துக்கு வெங்காய மூட்டைகளை ஏற்றட்டுமா என்று கேட்டேன். முன்சீட்டில் வெங்காயமா உட்கார்ந்து வருகிறது, மலைக்குப் போகும் அதே பாரம்தான் வேண்டும் என்றாள். அன்றைக்குச் சந்தை. கரி படிந்த கையோடு விறுவிறுவென்று நடந்தாள். எனக்கு விஷயம் புரிந்து, செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன்.

"அம்பிகா, அந்தம்மா கேட்டாங்கன்னா கடைக்காரன் சாமான் சரியில்லேன்னு சொல்லிரு. உன் மேல தப்புன்னு சொன்னேன்னா ஜென்மத்துக்கும் ஏற மாட்டாங்க."

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சந்தைக் கொட்டகையில் பலாமேட்டு ஆட்கள் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். அரங்கநாதனின் பிக்கப் பெரம்பலூரிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அம்பிகா நேரே சுந்தராம்பாளிடம் போனாள். கிழிந்த புஷ்ஷை அவர் கையில் வைத்தாள்.

"அக்கா, அன்னிக்கு வண்டி இழுத்ததுக்கு இதுதான் காரணம். கடைக்காரர் மேல தப்பில்ல, நான்தான் தப்பா முடுக்கிட்டேன். சத்தம் கேட்டும் அசால்ட்டா விட்டுட்டேன். இப்ப சரியா முடுக்கணும்னா உங்க எல்லாரோட எடையும் வண்டியில இருக்கணும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"உன் வண்டியில கால வைக்க மாட்டேன்னு சொன்னது மறந்துபோச்சாடி?" என்றார் சுந்தராம்பாள்.

"மறக்கலக்கா. வண்டி எங்கயும் போகாது, எங்க வூட்டு வாசல்லதான் நிக்கும். சும்மா ஒக்காந்திருந்தா போதும். இந்தாங்க சாவி. இத நீங்களே வச்சுக்கிட்டா வண்டி எப்படி நகரும்?"

சுந்தராம்பாள் புஷ்ஷைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அம்பிகாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

எல்லோரும் எங்கள் வாசலுக்கு வந்ததும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தேன். யாரும் சொல்லாமலே அவரவர் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். மூட்டைகள்கூட வழக்கமான இடத்துக்கே போயின. கடைசி ஓரத்தில் என்னையும் உட்காரச் சொன்னாள். பின்னால் எப்போதும் தொங்கிக்கொண்டு வரும் ஒருத்தர் அன்றைக்கு வரவில்லையாம்.

எதிர்வீட்டுப் பொன்னம்மாள் தண்ணீர்க் குடத்தோடு நின்றுவிட்டார். "என்ன, எல்லாரும் டூரா?"

"ஆமா, பழனிக்கு! சீக்கிரம் வந்து ஏறு" என்று சுந்தராம்பாள் கத்தினார். வண்டியே குலுங்கிச் சிரித்தது.

"ஆடாதீங்க!" என்று அடியிலிருந்து அம்பிகாவின் குரல் வந்தது.

ஸ்பேனர் கிர்ர், கிர்ர் என்று ஒவ்வொரு நட்டாக இறுகியது. சுந்தராம்பாள் ஒருமுறை குனிந்து "அந்தப் பக்கம் முடுக்கிட்டியா?" என்று கேட்டார். "முடுக்கிட்டேங்க்கா" என்றாள். கடைசியில் மண்ணும் கரியுமாக வெளியே வந்து நின்றாள்.

"ஆச்சு. எல்லாரும் எறங்குங்க. ரொம்ப நன்றிக்கா."

சரியாக அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் அரங்கநாதனின் ஹாரன் கேட்டது. "பலாமேடு! பலாமேடு!" என்று அவர் கூவினார். ஒருத்தரும் அசையவில்லை. எல்லோரும் முன்சீட்டைத்தான் பார்த்தார்கள். சுந்தராம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். பாழாய்ப்போன முடிச்சு அவ்வளவு இறுக்கம், அவிழவே மாட்டேன் என்றது. ஒருவழியாகச் சாவியை எடுத்து அம்பிகாவிடம் நீட்டினார்.

"எறங்குறதுக்கா இத்தன பேரு ஏறி ஒக்காந்திருக்கோம்? எடு வண்டிய. ஆனா ஒண்ணு, எங்கயாச்சும் இழுத்துச்சுன்னா அங்கேயே எறங்கி நடந்துருவேன்."

அம்பிகா கரிக்கையைத் துடைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. நான் குதித்து இறங்கி நாலு சக்கரத்துக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, கல்லை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"எங்க நின்னுட்டீங்க? ஏறுங்க. உங்க எடையையும் சேத்துதான் முடுக்கியிருக்கேன்" என்றாள்.

அரங்கநாதன் எங்களைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்தார். பழங்கள் சட்டென்று நசுங்கின. மலைத்தடத்தில் வண்டி ஏற ஏற வழக்கம்போல என் தலையில் வெள்ளைத்தூள் கொட்டியது. எல்லோருடைய காதும் வண்டியின் அடியில்தான் இருந்தது. முதல் திருப்பம் போனது, அடுத்ததும் போனது. சுந்தராம்பாள் இரண்டு கையாலும் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். அம்பிகா ஓரக்கண்ணால் அந்தக் கைகளைப் பார்ப்பதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய வளைவு வந்தது. எல்லோரும் கம்பியைப் பிடித்தார்கள், நான் சாமியைக் கூப்பிட்டேன். அப்போது சுந்தராம்பாள் கம்பியிலிருந்து கையை எடுத்தார். மடியைத் தடவி வெற்றிலையையும், சந்தையில் வாங்கிய புது சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்தார். காம்பைக் கிள்ளினார்.