மாதிரி வரியில் வாழவந்தி

போன வாரம் ஆபீசில் ஒரு புது மென்பொருளைக் கறுப்புத் திரையில் ஓட்டிப் பார்த்தேன். எப்படி ஓட்டுவது என்று அதையே கேட்டால், விளக்கம் சொல்லி, கீழே ஒரு மாதிரி வரியும் காட்டியது. அந்த வரியை அப்படியே அடித்தேன். அப்படியொரு கட்டளையே கிடையாது என்றது. பக்கத்து சீட்டுக்காரர், "அதையெல்லாம் யாருங்க படிக்கிறாங்க" என்றார். எனக்கு ரஹ்மத் ஞாபகம் வந்துவிட்டது.

ஏற்காடு ஒண்டிக்கடை முக்கில், ரஹ்மத் வீட்டு மளிகைக் கடைக்கு மேல் மாடியில்தான் அப்போது எங்கள் ஆபீஸ். பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், அவளும் நானும், அவ்வளவுதான். முதலாளி எப்போதாவது சேலத்திலிருந்து மலையேறி வருவார். கீழே மிளகாய் மூட்டையைப் பிரித்தால் மேலே தும்மிக்கொண்டே வேலை செய்வோம்.

எஸ்டேட்டில் பறிக்கும் காப்பிப் பழத்தின் எடையைப் பதிவு செய்யும் மென்பொருள் எங்களுடையது. 'எடை' என்று அடித்து, எஸ்டேட் பெயரையும் கிலோவையும் சேர்த்தால் போதும். 'உதவி' என்று அடித்தால் விளக்கமும் மாதிரி வரியும் வரும். அதை முதலில் எழுதிய மேதை நான்தான். 'பயனர் உரிய அளவுருக்களை உள்ளிடுக' என்று ஆரம்பித்திருந்தேன். "இத யாருக்குங்க எழுதியிருக்கீங்க, கலெக்டருக்கா?" என்றாள் ரஹ்மத்.

பழ சீசனில் ஓர் எஸ்டேட்டில் வெள்ளோட்டம் விட்டோம். தேறாவிட்டால் ஆபீசை மூடிவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். எனக்கென்ன, பெங்களூருக்குப் பஸ் ஏறிவிடுவேன். ரஹ்மத்தின் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, ஒரு பக்கம் கைகால் விழுந்திருந்தது. அம்மா கடையில் உட்கார, நடுநடுவே இறங்கிப்போய் அவரைத் திருப்பிப் படுக்கவைப்பது அவள்தான். மலையை விட்டு அவளால் நகர முடியாது. அவள் படிப்புக்கு மலையில் வேறு வேலையும் இல்லை.

வாரக் கடைசியில் பார்த்தால் அந்த எஸ்டேட் பெயரில் ஒரு கிலோ பழம்கூட இல்லை. அத்தனையும் வாழவந்தி பெயரில் ஏறியிருந்தது. மாதிரி வரிக்கு ஓர் எஸ்டேட் பெயர் வேண்டுமே என்று, பஸ் போர்டில் பார்த்த ஊரை நான் போட்டு வைத்திருந்தேன்.

எடைக் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டரைக் கேட்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, அதுல இருந்தத அப்படியேதானுங்க அடிச்சேன். கிலோவ மட்டும் மாத்துனேன். வாழவந்தின்னு நீங்கதானுங்களே போட்டிருந்தீங்க?"

சேலத்திலிருந்து வந்திருந்த முதலாளி, இது சரிப்படாது என்று கிளம்பிவிட்டார். ரஹ்மத் படிக்கட்டில் போய் வழியை மறித்து நின்றுகொண்டாள். "ரைட்டரு சரியாத்தாங்க செஞ்சிருக்காரு. மாதிரின்னா அப்படியேதான் அடிப்பாங்க. எந்த எஸ்டேட்டோ அந்தப் பேரையே போட்டுக் குடுக்கறேனுங்க. இன்னும் ஒரு வாரம் பாருங்க." இறங்க வழியில்லாமல் முதலாளி சரி என்றார்.

ஒரு வாரத்தில் தேறிவிட்டது. மற்ற எஸ்டேட்டுகளும் கேட்டு வந்தன. ஆனால் எஸ்டேட்டுக்கு ஒரு விளக்கம் என்றாகிவிட்டதால், கட்டளையில் ஒரு சொல்லைத் தொட்டால் எல்லாவற்றிலும் திருத்த வேண்டும். திருத்தியதும் அவள் ஒவ்வொரு மாதிரி வரியையும் உரக்க வாசிப்பாள். காதில் விழுந்ததை நான் அடிக்க வேண்டும். நானாகச் சரிசெய்து அடித்தால் பிடித்துவிடுவாள். "உங்களுக்குத் தெரிஞ்சத அடிக்காதீங்க. நான் சொன்னத அடிங்க." எத்தனை எரிச்சல் பட்டிருக்கிறேன்! அந்த நாட்களைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்ததேயில்லை.

பிறகு எடைப் பதிவெல்லாம் போனுக்குள் வந்துவிட்டது, முதலாளி ஆபீசை மூடிவிட்டார். ஆபீஸ் இருந்த மாடி இப்போது டூரிஸ்டுகளுக்கு வாடகை அறை. நான் பெங்களூர் வந்தேன். அவள் கீழே கடைக்கு இறங்கினாள்.

போன வாரம் அந்த மாதிரி வரியை அடித்த அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டேன். அத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மா தம்பியோடு இருக்கிறார் என்றாள். பிறகு, "இப்ப நான் எங்க வேணாலும் வரலாமுங்க. உங்க கம்பெனியில 'உதவி' விளக்கம் எழுதறதுக்கு ஆள் எடுப்பாங்களா?" என்றாள்.

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டேன். அப்படியொரு வேலையே இப்போது இங்கே இல்லையாம். இன்னும் அவளிடம் சொல்லவில்லை.