முகம் பார்க்காத வழக்கு

ஒஸ்லோத் தமிழர்களிடையே சிறீஸ்கந்தராசாவுக்கு 'லோயர் ஸ்கந்தா' என்று பட்டம். உண்மையைச் சொன்னால், சட்டத்துக்கும் அவருக்கும் உள்ள உறவு பதினொரு மாதம்தான். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அத்தனை நாள் வாங்கு தேய்த்துவிட்டு, எண்பத்து மூன்று கலவரத்தோடு ஊருக்கு ஓடி வந்தவர். ஆனாலும் நாவ் என்ற அரச உதவி அலுவலகத்தில் விண்ணப்பம் தள்ளுபடியானவர்களும், விசா மறுக்கப்பட்டவர்களும் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு ரொம்சோஸில் உள்ள அவருடைய வீட்டுக்குத்தான் வருவார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லை நடந்ததைச் சொல்லுங்கோ. உள்ளதை உள்ளபடி" என்பார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை கேட்பார். வந்தவர் சலித்துப்போய்ப் பெருமூச்சு விடும்வரைக்கும் பேனாவைத் தொடமாட்டார். இந்த மனுசனுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று மனைவி சிவமலருக்கே தெரியாது.

வயிற்றுப்பாட்டுக்கு அவர் பார்ப்பது முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. இருபத்தாறு வருடமாகக் காலையில் போனதும் முதல் அலுவல், கால் வீங்கியவர்களுக்கு இறுக்கமான காலுறை மாட்டிவிடுவது. முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லத் தடுமாறுவார். காலைப் பார்த்தால் எந்த அறை என்று உடனே சொல்லிவிடுவார்.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் இருக்கும்போது கைத்தொலைபேசி அடித்தது.

"அங்கிள், என்ரை பேர் துஷாரா. ஸ்ட்ரோம்மனிலை இருக்கிறன். வரதராசாவின்ரை மகள்."

"எந்த வரதராசா?"

"நீங்கள் இயக்கத்தின்ரை கோட்டிலை எங்கடை அப்பாக்காகக் கதைச்சனீங்களாம். ஸ்தவாங்கரிலை இருக்கிற சின்னராசா அங்கிள்தான் சொன்னவர்."

அவர் கடித்த பாணைத் திரும்பத் தட்டில் வைத்தார். சின்னராசா அந்த இடத்தில் இருந்தவனே அல்ல. யாரோ சொல்லக் கேட்டவன். அவன் பேச்சை எவ்வளவு தூரம் நம்பலாம்? ஆனால் துஷாரா கேட்டது சின்ன விசயம். அவளுக்கு ஒரு திகதி வேண்டும்.

"அம்மாக்கு எழுபது வயசு. ஒருக்காலாவது அப்பாக்குத் திவசம் செய்ய வேணுமெண்டு நிக்கிறா. ஆனால் அப்பா வள்ளத்திலை இந்தியாக்குப் போயிட்டார், அங்கை வேறை குடும்பத்தோடை இருக்கிறார் எண்டும் ஒரு கதை. உயிரோடை இருக்கிறவருக்கு எப்பிடித் திவசம் செய்யிறது? அது அப்பாதானோ, எந்த நாள் எண்டு நீங்கள் சொன்னால் காணும்."

சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. மறு நாள் காலை ஒரு கிழவிக்குப் பக்கத்து அறைக் கிழவரின் காலுறையை மாட்டிவிட்டார். பின்னேரம் வீட்டுக்குப் போக எதிர்த் திசை ரயிலில் ஏறி, நகரின் மறு பக்கத்தில் போய் இறங்கி நின்றார்.

நடந்தது எண்பத்தாறில். அப்போது ஈழத்தில் முப்பது சொச்சம் ஆயுத இயக்கங்கள். அவர் இருந்ததன் பெயரை இன்று சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. அந்த இயக்கத்தின் அரசியல் பொறுப்பாளரை ஒரு நாள் ஒழுங்கை முடக்கில் யாரோ காருக்குள் வைத்தே சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சுட்டவர்கள் அகப்படவில்லை. கார் எத்தனை மணிக்கு வரும் என்று அவர்களுக்குச் சொன்ன ஆள் என்று ஒருவரைப் பிடித்து வந்தார்கள். இயக்கத்தின் இராணுவ நீதிமன்றம் கூடியது. நீதிமன்றம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு மேசை, மூன்று கதிரை. நடுக் கதிரையில் இராணுவப் பொறுப்பாளர் ஸ்ரனிஸ்லாஸ்.

"நாளைக்கு ஆரும் கேட்டால் லோயர் வைச்சுத்தான் விசாரிச்சனாங்கள் எண்டு சொல்ல வேணும். நீ லோ படிச்சனி தானே?" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். துண்டறிக்கை எழுதிக்கொண்டிருந்த இருபத்து மூன்று வயதுப் பொடியன் இப்படித்தான் வழக்கறிஞன் ஆனான். "ஆளை ஒத்துக்கொள்ளச் சொல்லு. ஒத்துக்கொண்டால் குறைச்சுத் தண்டிப்பம்" என்று ஒரு சொல்லும் கூடவே வந்தது.

கட்சிக்காரரோடு, அதாவது பிடிபட்டவரோடு, கதைக்கக் கால் மணித்தியாலம் கொடுத்தார்கள். அவருடைய தலையில் சீனிச் சாக்கைக் கவிழ்த்திருந்தார்கள். குற்றப்பத்திரத்தில் பெயருக்குப் பதில் ஓர் இலக்கம். ஸ்கந்தா தலையைக் குனிந்து அந்த வெறும் கால்களோடுதான் கதைத்தார். இரண்டு காலிலும் சின்ன விரல், பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது. சாக்குக்குள் இருந்து வந்தது ஒரே ஒரு கேள்விதான்: "தம்பி, நான் என்ன சொல்ல வேணும்?"

ஸ்கந்தா சொல்லிக் கொடுத்தார். அந்த மனுசன் அப்படியே சொன்னார். ஸ்கந்தா எழும்பி, இவர் குற்றத்தை ஒத்துக்கொண்டார், சின்னப் பிள்ளை உள்ள குடும்பக்காரர், கருணை காட்டுங்கள் என்று நாலு வசனம் பேசினார். பிள்ளை இருக்கிறதா என்று ஸ்கந்தாவுக்குத் தெரியாது. வழக்கறிஞர்மார் அப்படிப் பேசுவார்கள் என்று சேர்த்துக்கொண்டது. பொழுது சாய முன்னர் பனங்கூடல் பக்கம் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. அடுத்த மாதமே நோர்வே மக்கள் உயர்பள்ளி ஒன்றில் படிக்க வருவதாக விசா எடுத்து ஓடி வந்தவர், வடக்கே மீன் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் விறைத்து, பிறகு ஒஸ்லோவுக்கு இறங்கினார். முப்பது வருடம் கூட வாழ்ந்த சிவமலரிடம்கூட இதில் ஒரு சொல் விடவில்லை.

சனிக்கிழமை துஷாரா கையில் பூச்சாடியோடு வந்தாள். நாற்பது வயது, ஒரு மருந்துக்கடை வேலை. சப்பாத்தைக் கழற்றியதும் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தாள். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் மீசைக்காரர் ஒருவர், கண் கூசச் சிரித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா அங்கை மனேஜர். இவர்தானோ, அங்கிள்?"

ஸ்கந்தா படத்தைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டு போனார். இவர் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான் அவருடைய மனம் அடித்துக்கொண்டது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன? அது பொய்யா? தெரியாதவன் இல்லை என்றால் பொய் ஆகுமா? ஆம் என்று சொல்லி, அந்த மனுசன் இராமேஸ்வரத்தில் பேரப்பிள்ளையோடு இருந்தால்?

"நான் முகம் பாக்கேல்லை, பிள்ளை. கோட்டிலை அவருக்குச் சாக்குப் போட்டிருந்தது."

"என்ன சாக்கு? என்ன கோடு?" என்றார் தேநீரோடு வந்த சிவமலர். தட்டத்தை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தவரின் கண்ணில், துஷாராவின் கால் நின்ற இடத்து ஈரம் பட்டது. "ஐயோ பிள்ளை, சப்பாத்துக்குள்ளை தண்ணி பூந்திட்டுது. காலுறையைக் கழட்டுங்கோ, காஞ்சதாத் தாறன்" என்றபடி உள்ளே போனார்.

"பரவாயில்லை, அன்ரி" என்று சொன்னாலும் துஷாரா கம்பளிக் காலுறைகளை உருவினாள். வேலைப் பழக்கம், ஸ்கந்தாவின் பார்வை தானாகக் கீழே போனது. குளிரில் சிவந்த பாதங்கள். இரண்டிலும் சின்ன விரல், பக்கத்து விரலின் மேல் ஏறிக் கிடந்தது.

அவர் கதிரையில் இருந்துவிட்டார். இப்படி விரல் உள்ளவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அதுவும் அவருக்குத் தெரியும். இல்லத்திலேயே இரண்டு கிழவர்களுக்கு இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவர்களின் காலைத் தொடும் ஒவ்வொரு காலையிலும் அந்தச் சாக்குத்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

"பிள்ளை, உங்கடை கால் ஆரின்ரை மாதிரி?"

"அப்பான்ரை மாதிரியாம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா." கேட்டதற்குப் பதில் சொன்னவள், அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஆடி அமாவாசை" என்றார் அவர். "பின்னேரம். அண்டைக்கு மத்தியானம் பக்கத்து வீட்டாக்கள் எங்களுக்கு விரதத்துக்குக் காச்சின காத்தோட்டிக்காய்க் கறி குடுத்து விட்டவை. அதாலை நாள் மறக்கேல்லை. அம்மாட்டைச் சொல்லுங்கோ."

தகப்பனில்லாத பிள்ளைகள் எல்லாம் விரதம் பிடிக்கும் நாள் அது. துஷாரா நாற்பது வருடத்து ஆடி அமாவாசைகளையும் சும்மா கடந்து வந்திருக்கிறாள். அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய கையைப் பிடித்தாள்.

"எல்லாரும் சேந்து சாகக் குடுத்த இடத்திலை, நீங்கள் ஒருத்தராவது அப்பாக்காகக் கதைச்சிருக்கிறியள். அது போதும், அங்கிள்."

இத்தோடு விட்டிருக்கலாம். பூச்சாடியை யன்னலில் வைத்துவிட்டு, தேநீரைக் குடிக்கச் சொல்லியிருக்கலாம். எது நல்லது, எது கெட்டது என்று அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வாய் தன்பாட்டில் திறந்தது.

"நான்தான் ஒத்துக்கொள்ளச் சொன்னனான். ஒத்துக்கொண்டால் உயிரோடை விடுவினம் எண்டு நம்பினனான். அவர் என்னை நம்பினவர்."

துஷாராவின் கை மெல்ல விலகியது. வெறும் கால்களை ஒன்றோடொன்று சேர்த்துவைத்தாள்.

"அப்ப அப்பா காட்டிக் குடுத்தவரோ, இல்லையோ?"

சிவமலர் உலர்ந்த காலுறைகளோடு அறை வாசலில் நின்றார். அவரும் அந்தப் பதிலுக்காகத்தான் நின்றார்.

"நான் அவரிட்டை அதைக் கேக்கேல்லை, பிள்ளை" என்றார் லோயர் ஸ்கந்தா.