கீழ்ப்பக்கத்து இருக்கை

ஊரில் அவரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கொத்தனார் சுவர்மேல் வைத்துச் சமம் பார்க்கும் கருவியின் பெயரை ஒரு டிராக்டர் டிரைவருக்கு வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. ஆனால் கச்சிதமான பெயர். சமதரையில் டிராக்டர் ஓட்ட யாருக்கும் வந்துவிடும். கொட்டாவி விட்டுக்கொண்டே ஓட்டலாம். மலைச்சரிவில் அந்தப் பாச்சா பலிக்காது. சரிவுக்குக் குறுக்கே போகும்போது வண்டி கீழ்ப்பக்கமாக நழுவப் பார்க்கும். பின்னால் மாட்டிய கருவி அதைவிட அதிகமாக நழுவும். மேல்பக்கத்துச் சக்கரம் மண்ணை விட்டு எழும்பப் பார்க்கும். எந்த இடத்தில் ஸ்டீயரிங்கை எவ்வளவு மேலே ஒடிக்க வேண்டும், எங்கே போதும் என்று நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "எனக்குப் புத்தி தலையில இல்லப்பா, சீட்டுல இருக்கு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணம்கூட அப்படித்தான் நடந்தது. ஒருத்தர் வைத்திருந்த செங்குத்தான மேட்டை உழ எந்த டிரைவரும் வரமாட்டேன் என்றார்கள். ரசமட்டம் போய் அரைநாளில் உழுது போட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலத்துக்காரரின் பெரிய மகள், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்றாள். மேட்டைக் காட்டி மாப்பிள்ளை பிடித்தவர் என்று மாமனாரை இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள். அவரும் விடாமல், "உழவும் ஓசியாப் போச்சுல்ல" என்பார்.

பிறகு நாற்று நடும் கருவி ஒன்று வாங்கினார்கள். டிராக்டருக்குப் பின்னால் மாட்டுவது. அதில் இரண்டு இருக்கைகள், பின்பக்கம் பார்த்தபடி. உட்கார்ந்திருப்பவர்கள் முட்டைகோஸ் நாற்றை ஒவ்வொன்றாகக் குழாயில் போட்டுக்கொண்டே போனால், கருவி அதை மண்ணில் நட்டு அணைத்துவிடும். ஒரு இருக்கையில் மனைவி, இன்னொன்றில் அவள் தங்கை. தங்கையின் வாய் கை வேலைக்குத் தடையில்லை என்பதால், எஞ்சின் சத்தத்துக்கு மேல் ஊர்க்கதை ஓடிக்கொண்டிருக்கும். ரசமட்டம் முன்னால் பார்ப்பார். அவர் ஓட்டிவிட்ட வரிசையை அவர்கள் பின்னால் பார்ப்பார்கள். சரிவு நிலம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் நடவுக்கு இந்த மூன்று பேரைத்தான் கூப்பிட்டார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போய்விட்டது, இடது காதில் ஒரு ரீங்காரத்தை விட்டுவிட்டுப் போனது. குனிந்து செருப்பு மாட்டினால் தரை சுற்றியது. மனிதனை நிமிர்ந்து நிற்க வைப்பதே காதுக்குள் இருக்கும் ஒரு சின்ன சமாசாரம்தான் என்றும், அவருக்கு ஒரு பக்கம் அது கெட்டுவிட்டது என்றும் டாக்டர் சொன்னார்.

"மாத்திரை தர்றேன். முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது. ஏணியில ஏறாதீங்க. வண்டி ஓட்டாதீங்க."

"டிராக்டர், டாக்டர்?"

"அது என்னங்க, வண்டி இல்லையா?"

வீட்டில், டிராக்டருக்கு ஃபேன் பெல்ட் வாங்கப் போனேன் என்று சொன்னார். சரிவை விட்டுவிடலாம் என்றால், கீழே சமதரையில் தடுக்கி விழுந்தால் ஒரு டிராக்டர். அங்கே இவரை யார் கூப்பிடுவார்கள்? அதுகூடப் பரவாயில்லை. சரிவில் ஏறாத ரசமட்டத்தை ஊர் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும்? இதை வீம்பு என்றுதான் சொல்ல வேண்டும். பின்னால் இரண்டு உயிரை உட்கார வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பிடிக்கிற வீம்பா இது? ராத்திரி படுத்தால் அவருக்கும் அதே கேள்விதான். விடிந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தலை சுற்றும்போது நிறுத்திவிட்டு, ஆயில் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அன்றைக்கு நட வேண்டியது இருப்பதிலேயே செங்குத்தான சரிவு. முந்தின நாள் மழை பெய்து மண் பதமாக இருந்தது. நாலைந்து வரிசை நட்டாயிற்று. அடுத்த வரிசையில் பாதி தூரம் போனபோது அவருக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. தலை சுற்றவில்லை. வீட்டுக் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி, எல்லாம் சமமாக இருந்தது.

தற்செயலாகத்தான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார். கூரைக் கம்பியில் கயிறு போட்டுத் தொங்கவிட்டிருந்த பாட்டில், பக்கத்துக் கம்பியை ஒட்டித் தொங்காமல் அரை முழம் விலகிக் கீழ்ப்பக்கமாகத் தொங்கியது. வண்டி அவ்வளவு சாய்ந்திருந்தது. மேல்பக்கத்து டயர் ஈர மண்ணில் தடமே பதிக்காமல் வந்துகொண்டிருந்தது. அவருடைய சீட்டு அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மெல்ல நிறுத்தினார். கருவியை அப்படியே மண்ணில் ஊன்ற விட்டு எஞ்சினை அணைத்தார்.

"என்ன மாமா, அதுக்குள்ள டீ நேரமா?" என்றாள் கொழுந்தியாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க. மேல்பக்கமா இறங்குங்க. தள்ளிப் போங்க."

அவர்கள் இறங்கித் தள்ளிப் போன பிறகு அவரும் இறங்கினார். சேற்றிலேயே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காது, டாக்டர், பெல்ட் என்று சொன்ன பொய், ஒன்று விடாமல். மனைவியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"காது கதை தெரியாது. ஏதோ சரியில்லன்னு தெரியும். நான் பின்னாடி பாத்துக்கிட்டுத்தானே உக்காந்திருக்கேன்? நூல் பிடிச்ச மாதிரி வர்ற வரிசை, கொஞ்ச நாளா கீழ்ப்பக்கமா கோணிக்கிட்டு வருது. கேட்டா எரிஞ்சு விழுவீங்க. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்."

"தெரிஞ்சுமா ஏறி உக்காந்த?"

"நான் மாட்டேன்னா கூலிக்கு யாரையாச்சும் உக்கார வச்சுக்கிட்டு ஓட்டுவீங்க. நான் இருந்தா கொஞ்சமாச்சும் பயந்து ஓட்டுவீங்கல்ல?"

கொழுந்தியாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நல்லா இருக்கே நியாயம்! அப்ப நான் யாரு? என் உசுரு என்ன உனக்குக் கிள்ளுக்கீரையா?" என்று ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். அவள் வாய் தானாக நின்றது அன்றைக்குத்தான். "அக்கா... அதான் ஒவ்வொரு தடவை வண்டி திரும்பும்போதும் என்னை எழுப்பி எடம் மாத்துனியா? இடுப்பு வலி, கீழ்ப்பக்கம் உக்காந்தாத்தான் ஒத்துக்குதுன்னு சொன்னியே?"

மனைவி பாவாடையில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ரசமட்டத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வண்டி போகும்போது ஒரு இருக்கை கீழ்ப்பக்கம். திரும்பி வரும்போது மற்றது கீழ்ப்பக்கம். கவிழ்ந்தால் அடியில் சிக்குவது அந்தப் பக்கத்தில் இருப்பவள்தான். இத்தனை நாளும் அவர் ஓட்டிய ஒவ்வொரு வரிசையிலும், போகும்போதும் வரும்போதும், அவள் அங்கேதான் இருந்திருக்கிறாள். அவர் வாய்விட்டு அழுதார். கொழுந்தியாள் பார்க்கிறாளே என்றுகூட நினைக்கவில்லை.

அழுது முடித்ததும் சாவியை எடுத்து மனைவியிடம் கொடுத்தார். "அடுத்த ஊர் டிரைவரைக் கூப்பிட்டு வண்டியை இறக்கச் சொல்லு. இனிமே மேட்டு வேலைக்கு யாராச்சும் கேட்டா அவனையே சொல்லிவிடு." அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அவரைக் கைபிடித்துத் தூக்கிவிட்டாள்.

மூன்று பேரும் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். மனைவி வழக்கம்போலக் கீழ்ப்பக்கமாக வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"நீ மேல வா. நான் அந்தப் பக்கம் வர்றேன்."

"தலை சுத்துறது உங்களுக்கா எனக்கா? விழுந்தா நான்தானே பிடிக்கணும். பேசாம வாங்க."

அவர் அவள் கையைப் பிடித்தபடி இறங்கினார்.