குலாம் முகம்மது வேலை பார்த்த தோட்டம்

கடலூர் முதுநகரில் சைக்கிள் கடை வைத்திருந்த குலாம் முகம்மதுவுக்குச் செடிகொடி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் எண்பத்தொன்பதில் மஸ்கட் போனவர், ஒரு பெரிய வியாபாரியின் தோட்டத்தில் இருபத்துநாலு வருஷம் வேலை பார்த்தார். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை, ரெண்டு மாச லீவில் வருவார். அந்த இருபத்துநாலு வருஷத்தில் தாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை அவர் மனைவி அஜீசுன்னிசா ஒருநாள் எண்ணிப் பார்த்தாள். ரெண்டு வருஷம்கூடத் தேறவில்லை.

ஊரோடு வந்த பிறகும் வாசலில் ஒரு ரோஜாத் தொட்டி அவர் வைத்ததில்லை. "தண்ணி ஊத்துன வரைக்கும் போதும் அஜீசு" என்பார். அந்தத் தோட்டம் எப்படி இருக்கும் என்று கேட்டால், "பெருசா இருக்கும்" என்பதோடு சரி. கொரோனாவுக்கு முந்தின வருஷம் நெஞ்சுவலியில் மவுத்தாகிவிட்டார்.

போன ஜனவரியில், மஸ்கட்டில் ஏசி கம்பெனியில் இருக்கும் மகன் அசாருதீன் அம்மாவை விசிட் விசாவில் அழைத்தான். எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "உங்க அத்தா வேலை பாத்த எடத்தக் காட்டு" என்றாள். வெளியாட்களை விடாத இடம் அது. அசார் விசாரித்து, வியாபாரியின் மகனுக்குப் போன் போட்டான். குலாம் பேரைச் சொன்னதும் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வரச் சொல்லிவிட்டார்.

சுத்திக் காட்ட வந்தவர் ரஃபீக், வங்காளதேசத்துக்காரர். குலாம் ஊர் திரும்பி ரெண்டு வருஷம் கழித்து வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய இந்தியை அசார் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பளிங்கு நீரூற்று, ஏக்கர் கணக்கில் புல்வெளி, ரோஜாவில் மட்டும் நாற்பது வகை. அஜீசுன்னிசாவுக்கு ஒன்றிலும் மனசு ஒட்டவில்லை. இதற்குத்தானா நம்ம வயசெல்லாம் போச்சு என்று நினைத்தாள். போகலாம் என்று மகனிடம் சொல்ல வாயெடுத்தாள்.

"கெடிலம் பக்கம் நெழல் இருக்கு, அங்க போவலாம்னு சொல்றாரும்மா" என்ற அசார், தானே அப்படியே நின்றான். "என்ன சொன்னீங்க?" என்று ரஃபீக்கிடம் திரும்பக் கேட்டான்.

பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஓடிய கல்வாய்க்காலை ரஃபீக் காட்டினார். அதன் பேர் கெடிலமாம். தனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படித்தான் சொன்னார்களாம். அரபு வார்த்தை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

"எங்க ஊரு ஆறு அது" என்றான் அசார். ரஃபீக் சிரித்தார். "அப்ப சிடம்ரம்?" என்று கேட்டார். வாய்க்கால் முடிகிற இடத்தில் நாலு மாதுளை மரம், ஒரு கல் பெஞ்சு. மதியத்தில் வேலையாட்கள் படுத்து எழுகிற இடம். யாரையாவது காணோம் என்றால், சிடம்ரம் போயிருக்கிறான் என்பார்களாம்.

அஜீசுன்னிசா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிதம்பரம் அவள் பிறந்த ஊர். அசார் வயிற்றில் இருந்தபோது அம்மா வீட்டில் அஞ்சு மாசம் இருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் கடையைச் சாத்தியதும் குலாம் பஸ் பிடித்து வந்துவிடுவார், கைவிரல் நகத்தில் கிரீஸ்கூடப் போயிருக்காது. "அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்று அவள் தங்கை கேலி பண்ணுவாள். அதையெல்லாம் அவர் மறந்துவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் அவள் நினைத்திருந்தாள்.

அசார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் ரஃபீக்கைப் பார்த்தாள்.

"சிடம்ரம் இல்லப்பா. சிதம்பரம்."

அவர் சொல்லிப் பார்த்தார். ரெண்டு தடவை தப்பினார், மூணாவது தடவை சரியாக வந்தது. பிறகு போய் மூணு டம்ளரில் டீ கொண்டு வந்தார். சாயங்கால அசர் தொழுகையை அங்கேயே புல்லில் முடித்துவிட்டுத்தான் அவள் கிளம்பினாள்.

கார் கதவைத் திறந்துவிட்ட மகனிடம் சொன்னாள்: "உங்க அத்தா மேல எனக்குக் கோவம் ஜாஸ்தியா இருந்துச்சு அசாரு."

"தெரியும்மா" என்றான் அவன்.

"ஊருக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவ கூட்டியா. அவரு இன்னும் என்னென்ன பேரு வச்சிருக்காருன்னு கேக்கணும்."