வெர்லீன் சொன்ன விலை

பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய வெர்லீன், முட்டி தேய்ந்த பிறகு இந்தத் தொழிலுக்கு வந்தாள். வீட்டுக்காரரிடம் விலை பேசி ஒப்பந்தம் போடுவாள். அதையே முதலீட்டாளருக்குக் கைமாற்றி நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்வாள். செயின்ட் லூயிஸின் வடக்குப் பக்கத்தில் பழைய செங்கல் வீடுகளுக்குப் பஞ்சமில்லை.

ஆர்விஸ் ஹோல்ட்டின் வீட்டுக்குள் நுழையும்போது அவள் மனதில் இருந்தது அறுபத்திரண்டாயிரம் டாலர். பழுது பார்த்தால் ஒன்றரை லட்சத்துக்குப் போகும் வீடு. அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் எந்த முதலீட்டாளரும் இறங்கமாட்டார். அதிலும் பழுதுச் செலவு முப்பத்தைந்தாயிரம், அவள் பங்கு எட்டாயிரம் கழிய வேண்டும்.

நிலவறையில் ஈர வாடை. ஒரு சுவருக்கு மட்டும் புது வெள்ளை. உள்ளங்கையால் தடவினாள். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தது. நிமிர்த்த இன்னும் பதினைந்தாயிரமாவது ஆகும்.

மேலே வந்தபோது ஆர்விஸ் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே இதே தொழில் செய்யும் இன்னொருவனின் கார் வந்து நின்றது.

"அவன் போன்லயே அறுபத்தஞ்சு தரேன்னுட்டான். நீ என்னம்மா சொல்ற?"

அறுபத்திரண்டு தொண்டை வரை வந்துவிட்டது. இப்போது கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு குறைக்கலாம்; தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான். போன வருடம் அவளும் அதைச் செய்தாள். அந்த விலைக்கு வாங்க ஒரு முதலீட்டாளரும் வரவில்லை. ஒப்பந்தம் காலாவதியான அன்று, கட்டி வைத்த பெட்டியின் மேல் உட்கார்ந்து அந்த வீட்டுக்காரி கேட்டாள்: "இனி நான் எங்க போறது?"

"நாப்பத்தேழு, சார்."

"வீட்டுக்கு விலை கேட்டா காருக்குச் சொல்றியே!"

"கீழ சுவர் உள்ள சாயுது, சார். பெயிண்ட் அடிச்சா நேராயிடுமா?"

அவர் முகம் இறுகியது. எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். வாசலில் நின்றவன் சிரித்தபடி உள்ளே போனான்.

பன்னிரண்டு நாள் அந்த அறுபத்திரண்டு அவளை அரித்தது. வாடகை நாளும் நெருங்கியது. பதின்மூன்றாம் நாள் ஆர்விஸ் கூப்பிட்டார்.

"அந்தப் பய யாரையோ கூட்டிட்டு வந்து சுவரைக் காட்டினான். அப்புறம் போனே எடுக்கல. நீ நாப்பத்தொம்போது ஆக்கு, முடிச்சுக்கலாம்."

"அந்த ரெண்டு என் பங்குலேருந்துல்ல போகும்!"

"போகட்டுமே. வெள்ளையடிச்ச கூலி எனக்கு வேணாமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, சார்."

அந்த வாரமே ஒரு முதலீட்டாளர் சுவரைப் பார்த்துவிட்டே ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டார். வெர்லீனுக்கு ஆறாயிரம் நின்றது.