கட்டிங் அக்காவின் கோட்டு சொன்ன பொய்

துணி வெட்டுகிற கட்டிங் அக்கா எதிர்க்கடைக்குத் தாவப் போகிறாள் என்று எனக்குச் சொன்னவர் நான் வழக்கமாகப் போகும் தையல்கடையின் இஸ்திரிக்காரர். மதியம் சாப்பிட்ட கையோடு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போகிறாளாம், வரும்போது வியர்த்து விறுவிறுத்து வருகிறாளாம். சம்பளப் பேரம் சூடாக நடக்கிறது என்பது அவர் கட்சி. முதலாளிக்கு வேறு கட்சி: கல்யாணமானவளுக்கு மதியத்தில் வெளியே என்ன வேலை, ஏதோ ஆள் விவகாரம்தான். என் கால்சட்டையின் நீளம் குறையும்வரை எனக்கும் வேலை இல்லை. எந்தக் கட்சி ஜெயிக்கிறது என்று பார்த்துவிடலாமே என்று கிளம்பினேன்.

கடைக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி, விட்டுப்போன பஸ்ஸைத் துரத்துகிறவள் மாதிரி, கையை வீசி வீசி கட்டிங் அக்கா நடந்துகொண்டிருந்தாள். எதிர்க்கடை ஆளும் இல்லை, எந்த ஆளும் இல்லை. ஒரு பூனை இருந்தது, அதுவும் தூக்கத்தில். அடுத்த சுற்றில் என்னைக் கண்டு நின்றாள்.

"எந்தக் கதையக் கேட்டுட்டு வந்தீங்க? ஆளா, வேலையா?"

வேலை என்றேன்.

"பரவாயில்ல. அது மரியாதையான கதை" என்று மறுபடி நடக்க ஆரம்பித்தாள். மீதியைக் கேட்க நானும் கூட நடக்க வேண்டியதாயிற்று. மூச்சு வாங்கியது எனக்குத்தான்.

விஷயம் இதுதான். அவளுக்கு மாதவிலக்கு மாதக்கணக்கில் வரவில்லை. முகவாயில் முடி வந்தது, தலையில் போனது. உடம்புக்குள் யாரோ முகவரியை மாற்றி எழுதிவிட்டார்கள் என்றாள். பரிசோதித்த டாக்டரம்மா, சினைப்பையில் சின்னச் சின்னக் கட்டிகள், பிசிஓஎஸ், நிறையப் பெண்களுக்கு இருப்பதுதான் என்றார். சாப்பிட்டதும் நட, கனமான எதையாவது தூக்கு, இனிப்பைக் குறை, நேரத்துக்குத் தூங்கு, மூன்று மாதம் கழித்து வா, அப்போதும் வரவில்லையென்றால் மாத்திரை கொடுத்து வரவைப்போம் என்றும் சொன்னார்.

சொந்தக்காரர்கள் டாக்டரம்மாவைவிடத் தாராளம். கணவனின் அக்கா ஒரு பொடி அனுப்பினாள், சித்தி ஒரு கஷாயம் சொன்னாள். ஒன்றை வெந்நீரில் குடிக்கவேண்டும், இன்னொன்றைக் குடித்தால் வெந்நீர் பக்கமே போகக்கூடாது. இரண்டையும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவையே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

டாக்டரம்மா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டாள். டீயில் சர்க்கரை போயிற்று. பிஸ்கட் இருந்த இடத்துக்கு வேகவைத்த முட்டையும் வேர்க்கடலையும் வந்தன. தூக்குவதற்குக் கடையிலேயே துணிச்சுருள்கள் கிடந்தன. இஸ்திரிக்காரரைக் கூப்பிடாமல் அவளே அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றி இறக்கினாள். அவர் வதந்தி கிளப்பியதில் இந்த மனக்குறையும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ராத்திரி கைப்பேசியைச் சமையலறையில் தூங்கவைத்தாள். பேக்கரியில் அதிகாலை வேலை பார்க்கும் கணவனுக்கு அதில் ஏக சந்தோஷம்; பக்கத்தில் வெளிச்சம் இல்லாமல் தூங்கியே வருஷக்கணக்காகிவிட்டதாம்.

பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஊரையெல்லாம் அளக்கிற டேப்பை அவள் தன் இடுப்பில் சுற்றியதே இல்லை. எடை மெஷினும் வீட்டில் கிடையாது. கடையில் போட்டுக்கொள்ளும் நீலக் கோட்டுதான் கணக்கு. தினமும் காலையில் பொத்தான் போடும்போது பார்ப்பாள். வாரங்கள் போயின, கோட்டு அசையவில்லை. அதே பிடி, அதே இறுக்கம். மாதவிலக்கும் வரவில்லை. டாக்டரம்மாவிடம் போகவேண்டிய நாள் நெருங்க நெருங்க, தன் உடம்பு இனி எதற்குமே மசியாது என்று முடிவுகட்டிவிட்டாள். ஒரு மதியம் நடக்கப் போகவில்லை. சர்க்கரை தூக்கலாக ஒரு டீ சொன்னாள்.

இங்கே பாபினைப் பற்றிச் சொல்லவேண்டும். கட்டிங் அக்கா வெட்டுவதைத் தைப்பவள் பாபின். மெஷினுக்கு அடிநூல் சுற்றும் சின்னச் சக்கரத்தைத் தேடி நாளுக்கு நூறுமுறை "என் பாபின் எங்க?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கடையில் ஒரு மரியாதை உண்டு: நீங்கள் பெருத்துவிட்டீர்கள், இளைத்துவிட்டீர்கள் என்று வாடிக்கையாளரிடம் வாய் தவறியும் சொல்லக்கூடாது. சத்தமில்லாமல் பக்கத் தையலைப் பிரித்துத் தளர விடவேண்டும், அல்லது உள்ளே பிடித்துச் சுருக்கவேண்டும். யாராவது கேட்டால் பழியைத் துணிமேல் போடவேண்டும். பாபின் இந்த மரியாதையில் கரைகண்டவள்.

"ஏண்டி இன்னிக்கு நடக்கல?"

"நடந்து என்னத்தக் கண்டேன்? கோட்டு அப்படியேதான இருக்கு."

பாபின் மெஷினிலிருந்து காலை எடுத்தாள். "அப்படியே இல்லடி. நான் ரெண்டு வாட்டி பிடிச்சிட்டேன்."

"என்னத்தப் பிடிச்ச?"

"கோட்டத்தான். நீ ஆணில மாட்டிட்டு வீட்டுக்குப் போனப்புறம். லொடலொடன்னு தொங்குச்சு, கட்டிங் பண்றவளே அப்படி நின்னா கடைக்கு என்ன மரியாதை?"

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"உடம்பப் பத்தி எப்படிடி மூஞ்சிக்கு நேரா சொல்றது?"

கட்டிங் அக்கா கோட்டைக் கழற்றி உள்பக்கத்தைத் திருப்பினாள். புதிய தையலுக்கு வெளியே பழைய ஊசித்துளைகள் வரிசை வரிசையாக இருந்தன. துணியைப் பார்த்தே ஆளைச் சொல்கிறவளுக்கு அது போதும். பாபின் பிடித்தது மட்டுமில்லை, அதற்கு முன் இரண்டு மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டும் வந்திருக்கிறாள். உடம்பு ஏறியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை. எல்லாம் சிநேகிதியின் புண்ணியம்.

அன்று முழுக்க பாபினோடு பேச்சு இல்லை. கத்தரி மட்டும் பேசியது. டீ ஆறி ஆடை கட்டிக்கொண்டு கிடந்தது. மறுநாள் மதியம் பழையபடி கார் நிறுத்தும் கட்டடத்தைச் சுற்றி நடை.

இதில் ஒரு வேடிக்கை. எடை குறைந்தாலும் குறையாவிட்டாலும் நடையும் தூக்கமும் உள்ளே தம் வேலையைச் செய்யும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். கட்டிங் செய்கிறவள் காதில் இடுப்பு மட்டும் விழுந்திருக்கிறது.

அடுத்த வாரம், நீச்சல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண்ணுக்கு டிரயல் அறையில் தோள் அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். அடிவயிற்றில் ஏதோ இழுத்தது. மத்தியானச் சாப்பாடு சரியில்லை என்று நினைத்தாள். பிறகு அது சாப்பாடு இல்லை என்று தெரிந்தது. பையில் நாப்கின் இல்லை. வைத்திருந்தால் எதிர்பார்ப்பதுபோல் ஆகிவிடுமாம், எதிர்பார்த்தால் வராதாம். மூன்று மாதம் டாக்டர் சொன்னதைக் கேட்டு நடந்தவளின் தனிப்பட்ட விஞ்ஞானம் அது. பாபினுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. வேறு வழியில்லாமல், உடம்பெல்லாம் குண்டூசியோடு நின்ற அந்தப் பெண்ணிடமே கேட்டாள்.

அவள் தன் பையிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதுக்குப் போய் இப்படிச் சிரிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

"திருப்பித் தந்துடறேங்க."

"கண்டிப்பா வாங்கிப்பேன்."

பாபினிடம் சொன்னபோது அவள் மூக்கைச் சிந்திவிட்டு மெஷினை ஓட்டினாள். தையல் கோணலாகப் போயிற்று. போனில் கணவன், "வந்துடுச்சா?" என்று ஸ்டேஷனில் தங்கைக்காகக் காத்திருந்தவன் மாதிரி கேட்டான். டாக்டரம்மா, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். குணமாகிவிட்டதென்று நினைத்துக்கொள்ளாதே, இது கூடவே வருகிற விஷயம், நடையை விடாதே, ரத்தத்தில் சர்க்கரையை வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள் என்றும் சொல்லி அனுப்பினார். அடுத்தமுறை கொஞ்சம் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது.

முதலாளியிடம் நான் கண்டதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்கிறவள் எதற்காகத் தனியாக நடக்கவேண்டும் என்கிறார். இப்போது பாபினும் கூடப் போவதால், எதிர்க்கடைக்குத் தாவுவது இரண்டு பேர் என்று இஸ்திரிக்காரர் கணக்கைத் திருத்தியிருக்கிறார்.

நீச்சல்காரப் பெண் மட்டும் அதற்கப்புறம் வரவில்லை. தைத்த உடையை அவள் தம்பி வந்து வாங்கிப் போனான். அவனிடமே கொடுத்தனுப்பு என்று பாபின் சொல்லிப்பார்த்தாள். கட்டிங் அக்கா கேட்கவில்லை. கடன் கொடுத்தவள் கையில்தான் கொடுப்பாளாம். வெட்டும் மேஜையின் இழுப்பறையில் ஒரு நாப்கின் பிரிக்காமல் காத்துக்கொண்டிருக்கிறது.