ஏழாவது ஆளை இறக்கிவிடும் மாப்பிள்ளை

ஃப்ரிட்ஜைத் திறந்தால் தக்காளிக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் மாப்பிள்ளையின் ஃபோன் படுத்திருக்கிறது. இன்று காலையில் மட்டும் இது இரண்டாவது தடவை. எடுத்து வெளியே வைத்தால் ஈரத் தலையோடு ஓடி வருகிறார். "ஐயோ அத்தை, எடுக்காதீங்க, சூடு ஆறட்டும்!" ஆறுவதற்கு அது என்ன காய்ச்சல் கண்ட பிள்ளையா என்று கேட்டேன். "அதேதான் அத்தை, காய்ச்சல்தான்" என்கிறார். வெட்கம் கொஞ்சமும் கிடையாது.

காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? வழி காட்டும் மேப் ஒரு பக்கம் ஓடுகிறது. மனிதரோ வீட்டு நாற்காலியை விட்டு நகரவில்லை. பந்தாட்டம் ஒரு பக்கம். அதற்கு அடியில் பாட்டு. போதாததற்குத் தன் நெட்டை என் மகளுக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கிறார். அவள் பக்கத்து அறையில் படம் பார்க்கிறாள். இத்தனைக்கும் நடுவில் தன் தம்பியோடு முகம் பார்த்துப் பேச்சு. பாதிப் பேச்சில் தம்பியின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடுகிறது. எதையாவது ஒன்றை நிறுத்துங்களேன் என்றால் ஒரே பதில்தான்: "அது பாட்டுக்கு ஓடட்டும் அத்தை."

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினேழு கட்டடங்கள் அவர் பொறுப்பு. எங்காவது லிஃப்ட் நடுவில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், கம்பெனியின் மணி இந்த ஃபோனில்தான் அடிக்க வேண்டும். வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. மூடிய கதவுக்கு வெளியே நின்று, "நான் வந்துட்டேன், நீங்க உட்காருங்க, கதவைத் தள்ளாதீங்க, சாப்பிட்டாச்சா?" என்று பேசிக்கொண்டே திறந்துவிடுவாராம். ஒருநாள் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்திலேயே பார்த்தேன். ஆறு பேர் ஏறும் லிஃப்ட்டில் ஏழாவதாக நுழைந்த பெரிய மனுஷரைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்தார். "சார், எடை தாங்காது. அடுத்த தடவை வாங்க."

அங்கேயே கேட்டுவிட்டேன். "அவரை இறக்கிவிட்டீங்களே மாப்பிள்ளை, உங்க ஃபோன்ல எத்தனை பேரை ஏத்தி வச்சிருக்கீங்க?"

"அது வேற அத்தை. இது சாஃப்ட்வேர்."

அந்த சாஃப்ட்வேர் மத்தியானத்துக்குள் மூச்சை விட்டுவிடும். அதற்கு அவர் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். திறந்து கிடப்பதையெல்லாம் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி மூடுவார், வீடு பெருக்குகிற மாதிரி. அடுத்த நிமிஷமே எல்லாவற்றையும் மறுபடி திறப்பார். செல்போன் கடையில் இருக்கும் பெண் போன மாதமே சொன்னாள், நானும் பக்கத்தில்தான் நின்றேன். "அண்ணே, சும்மா கிடக்கிற ஆப் அவ்வளவா சார்ஜ் திங்காது. நீங்க மூடி மூடித் திறக்கிறதுதான் திங்குது. மேப்பு, ஹாட்ஸ்பாட், வீடியோ கால் மூணையும் ஒண்ணா ஓட்டாதீங்க. சூடானா ஃபோன் தன்னால மெதுவாயிடும், பேட்டரியும் சீக்கிரம் போயிடும். ஃப்ரிட்ஜுல மட்டும் வச்சுடாதீங்க, உள்ள தண்ணி கோத்துக்கும். இன்னொண்ணு, இந்த மாடல்ல தள்ளி மூடிட்டா சில ஆப் மணியே அடிக்காது."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

போன வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில், ஃபோனைப் பெருக்கி முடித்து, "இப்ப பாருங்க, காத்து மாதிரி ஓடும்" என்று சொல்லிவிட்டுத் தம்பியோடு பேச உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் கழித்து என் மகளின் ஃபோன் அடித்தது. அவருடைய சூப்பர்வைசர். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் இருக்காரா இல்லையா? ஆப்புல மணி அடிச்சா எடுக்கல, கூப்பிட்டா பிஸி. எட்டு மாசப் புள்ளத்தாச்சி ஒருத்தி அரை மணி நேரமா லிஃப்ட்டுக்குள்ள நிக்கிறா!"

கம்பெனி மணியையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளியிருக்கிறார். கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். நல்லவேளை, அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளியே வந்ததும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். வீட்டுக்கு வந்து இவரும் அழுதார்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசர் நேரிலேயே வந்துவிட்டார். இது மூன்றாவது தடவையாம். "எப்பக் கூப்பிட்டாலும் அடிக்கிற நம்பர் ஒண்ணு நாளைக்குள்ள குடுங்க. இல்லேன்னா பதினேழு கட்டடமும் வேற ஆளுக்குப் போயிடும்."

புது ஃபோன் வாங்கலாம் என்றாள் என் மகள். புது ஃபோனிலும் இதே கட்டைவிரல்தானே விளையாடப் போகிறது? என்னிடம் ஒரு பட்டன் ஃபோன் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத எனக்குப் பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று போதும். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டால் அடுத்த ஞாயிறு வரை அசையாது. அதை எடுத்து நீட்டினேன்.

"உங்களுக்கு, அத்தை?"

"என்னைத் தேடுறவங்க வீட்டுக்கு வரட்டும். இது மணி அடிக்க மட்டும்தான், சொல்லிட்டேன்."

"சத்தியமா அத்தை."

கண் கலங்கிவிட்டது அவருக்கு. வாங்கிச் சட்டைப் பையில் போட்டு, மேலே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். வாசலில் ஒரு காலில் செருப்பை மாட்டியவர், மற்றொரு செருப்பைக் கையில் பிடித்தபடியே பட்டன் ஃபோனை வெளியே எடுத்தார். பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். லிஃப்ட் மேலே வருவதற்குள் டார்ச் எரிந்துவிட்டது. அவரை உள்ளே வைத்துக் கதவு மூடும்போது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.